எட்டு அணிகள், ஒரு குலுக்கல்: ஏஎஃப்எல்லின் முதல் வீரர் டிராஃப்ட் (1959)

அமெரிக்கக் கால்பந்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழில்முறை லீக், ஏஎஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்), தன் முதல் வீரர் டிராஃப்டை எப்படி நடத்தியது, அதில் எது பலித்தது, எது கைவிட்டுப் போனது என்பதுதான் இந்த ஆய்வு. இடம் மினியாபொலிஸ், காலம் 1959 நவம்பர். நகரங்கள், அணிகள், தேதிகள் எல்லாம் உள்ளபடியே தந்திருக்கிறேன். ஆட்களை மட்டும் பெயரால் குறிப்பிடாமல், அன்று அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன். பெயர் வந்தால் அவர்களுடைய பிற்காலப் புகழும் கூடவே வந்துவிடும். அன்றைய முடிவுகளை அன்று தெரிந்ததை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

தொடங்குவதற்கு முன் ஒரு விளக்கம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் குழப்பம் தரும். ஏலத்தில் வீரர் ஏற்கெனவே விளையாட ஒப்புக்கொண்டு பெயர் கொடுத்திருக்கிறார். அங்கேயே விலையும் முடிவாகிறது. டிராஃப்டில் அப்படியில்லை. ஒரு லீக்கின் அணிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுதான் அது: இந்தக் கல்லூரி வீரரிடம் நீ மட்டும் பேசு, நாங்கள் யாரும் குறுக்கே வரமாட்டோம். வீரர் அந்த அறையில் இல்லை. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, சம்பளமும் பேசப்படவில்லை. ஊரில் ஒரே லீக் இருக்கும்வரை இந்த ஏற்பாடு பிசகாமல் ஓடும், ஏனென்றால் வீரருக்கு வேறு போக்கிடம் இல்லை. எதிரில் இன்னொரு லீக் நிற்கும்போது என்ன ஆகும் என்பதுதான் 1959இல் தெரிந்தது.

பின்னணி

1959இல் பழைய லீக்கான என்எஃப்எல்லில் (நேஷனல் ஃபுட்பால் லீக்) 12 அணிகள். டல்லாஸைச் சேர்ந்த 26 வயது எண்ணெய்ச் செல்வந்தர் ஒருவர் சிகாகோ கார்டினல்ஸ் அணியை வாங்கித் தன் ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அவர்கள் விற்கவில்லை. ஆனால் பேச்சுவாக்கில், அதே அணியைக் கேட்டு வேறு சிலரும் வந்துபோனது அவருக்குத் தெரியவந்தது. இத்தனை பேர் அணி இல்லாமல் அலைகிறார்கள் என்றால் அவர்களை வைத்தே ஒரு லீக் தொடங்கலாமே என்று விமானத்தில் திரும்பும்போது தோன்றியது. அந்த விமான நிறுவனத்தின் கடிதத்தாளிலேயே கணக்குப் போட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 14 அன்று சிகாகோவில் கூட்டம் கூடியது. டல்லாஸ், ஹூஸ்டன், டென்வர், மினியாபொலிஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று ஆறு நகரங்கள். நுழைவுக் கட்டணம் அணிக்கு 25,000 டாலர். அக்டோபரில் பஃபலோ சேர்ந்தது. எட்டாவதாக பாஸ்டன் சேர்ந்தது நவம்பரில், அதாவது டிராஃப்டுக்கு மிக நெருக்கத்தில். பணம் போட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே ‘முட்டாள்கள் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கிண்டலாக வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

என்எஃப்எல் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் தாங்களும் புதிய நகரங்களுக்கு விரிவடையப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். முதல் குறி டல்லாஸ், புதிய லீக்கின் சொந்த ஊர். இரண்டாவதாகப் பேசப்பட்ட ஹூஸ்டனில் மைதானச் சிக்கல் வந்ததும் பார்வை மினியாபொலிஸ் பக்கம் திரும்பியது. போட்டிக் கடை தொடங்குபவனுக்கு அவன் தெருவிலேயே கிளை திறந்து காட்டுவதுபோல.

இரண்டு லீக்குகளுக்கும் அப்போது தலைமை சரியாக இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். என்எஃப்எல்லின் ஆணையர், அதாவது லீக்கின் தலைமை அதிகாரி, அக்டோபர் 11 அன்று பிலடெல்பியாவில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்துபோனார். பொறுப்பு ஆணையர் ஒருவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏஎஃப்எல்லுக்கோ ஆணையரே இல்லை. சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஓர் ஆள் வருவதற்கு முன்பே வீரர்களைப் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று கண்ணுக்குத் தெரிந்தவை

மினியாபொலிஸில் கூடியபோது எட்டு அணிகளின் நிலையும் ஒன்றாக இல்லை. டல்லாஸ், ஹூஸ்டன் போன்றவை ஆறு மாதமாக இந்த யோசனையிலேயே இருந்தவை. ஆள் வைத்துக் கல்லூரி வீரர்களைப் பார்த்துவரச் செய்திருந்தன. லாஸ் ஏஞ்சலஸிடம் கல்லூரிக் கால்பந்தைக் கரைத்துக் குடித்த முன்னாள் பயிற்சியாளர் ஒருவர் மேலாளராக இருந்தார். பாஸ்டனோ நேற்றுத்தான் உள்ளே வந்திருந்தது. வழக்கமான முறையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தால் முதல் மூன்று அணிகள் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

காலக்கெடுவும் நெருக்கியது. என்எஃப்எல் தன் டிராஃப்டை நவம்பர் 30 அன்று பிலடெல்பியாவில் வைத்திருந்தது. அதற்கு முன்பே முடித்தால்தான் முதலில் போய்ப் பேசுகிற வாய்ப்பு கிடைக்கும்.

மூன்றாவது, வீரர்களின் நிலை. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு நவம்பரோடு கல்லூரிப் பருவம் முடிந்துவிடாது. பெரிய கல்லூரிகளுக்கு ஜனவரி 1 அன்று பவுல் ஆட்டங்கள், அதாவது பருவத்தின் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்கள், உண்டு. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்த ஆட்டத்தில் ஆடும் தகுதியை இழந்துவிடுவார். ஆக, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 1 வரை ஒரு மாதம், எல்லாருக்கும் கையெழுத்து வேண்டும், ஆனால் யாரும் வெளிப்படையாக வாங்க முடியாது என்கிற நிலை. பின்னால் வந்த வழக்குகள் அத்தனையும் இந்த ஒரு மாதத்தில் முளைத்தவைதான்.

நான்காவதாகத் தெரிந்தது செய்தித்தாளில் வந்தது. நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. உரிமையாளர்கள் இரவு உணவுக்குக் கூடவிருந்த நேரத்தில், மினியாபொலிஸ் அணியின் ஆட்கள் என்எஃப்எல்லுக்குப் போகப்போகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டுவிட்டது. நியூயார்க் அணி உரிமையாளர் முன்பு வானொலியில் ஆட்ட வர்ணனை செய்தவர், நாடகத்தனம் கொஞ்சம் உண்டு. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், இது நமக்குக் கடைசி இராப்போஜனம் என்கிற பொருளில் பேசினார். காட்டிக்கொடுக்கும் யூதாஸ் யார் என்று விரல் நீட்டித்தான் காட்டவேண்டும் என்றில்லை. விருந்து கொடுக்கும் ஊரே அதுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: நிறுத்தாமல் நடத்துவது. மினியாபொலிஸ் பிரதிநிதிகள் வெளியேற்றப்படவில்லை. அவர்களும் உட்கார்ந்து மற்ற ஏழு அணிகளைப்போலவே தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். இது ஏன் என்று யோசித்தால், எட்டு இல்லாமல் ஏழு அணிகளை வைத்து ஆட்ட அட்டவணையைச் சீராகப் போட முடியாது. அதைவிட, ஒருவர் போகிறார் என்று ஊருக்குத் தெரிந்தால் அடுத்தவரும் போவார் என்கிற பயம். என்எஃப்எல்லின் டிராஃப்டுக்கு எட்டே நாள். தள்ளிவைத்தால் லீக் செத்துவிட்டது என்றே எழுதியிருப்பார்கள். அந்த இரவில் தொடர்ந்து நடத்தியதை நான் குறை சொல்லமாட்டேன். மினியாபொலிஸுக்கும் முழுப் பங்கு கொடுத்தது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது முடிவு: ‘வட்டார உரிமை’. ஒவ்வொரு அணிக்கும் அதன் வட்டாரத்தில் கூட்டம் சேர்க்கக்கூடிய ஒரு பெரிய பெயர், போட்டியில்லாமல் எல்லாருடைய சம்மதத்துடனும் ஒதுக்கப்பட்டது. ஹூஸ்டனுக்கு லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஹாஃப்பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்). அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். டல்லாஸுக்கு உள்ளூர் எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). பஃபலோவுக்கு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக், ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர். நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஆளுக்கொரு நோட்டர் டேம் வீரர். பாஸ்டனுக்கு சிராக்யூஸ் வீரர், டென்வருக்கு கனெக்டிகட்டின் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து ஒருவர், மினியாபொலிஸுக்கு விஸ்கான்சின் வீரர். டென்வருக்கும் கனெக்டிகட்டுக்கும் இடையே பாதி அமெரிக்கா இருக்கிறது. வட்டாரம் என்ற சொல்லை எவ்வளவு தாராளமாக வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

மூன்றாவது முடிவுதான் இந்த டிராஃப்டின் தனித்தன்மை. ஒவ்வொரு ஆட்ட இடத்துக்கும் நாட்டிலேயே சிறந்த எட்டுக் கல்லூரி வீரர்கள் யார் என்று எல்லாரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். சென்டருக்கு எட்டு, டேக்கிளுக்கு எட்டு, ஹாஃப்பேக்குக்கு எட்டு. பிறகு அந்த எட்டுப் பெயர்களையும் குலுக்கல் முறையில் எட்டு அணிகளுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். எல்லா இடங்களும் முடிந்ததும் அடுத்த எட்டுப் பேர், திரும்பவும் குலுக்கல். இப்படி 33 சுற்று. டிசம்பர் 2 அன்று கூடுதலாக 20 சுற்று.

நம்மூரில் பங்காளிகள் நிலத்தைப் பிரிக்கும்போது செய்கிற காரியம்தான் இது. நஞ்சை, புஞ்சை, தோப்பு என்று தரவாரியாகப் பாகம் போட்டுவிட்டுச் சீட்டெழுதிக் குலுக்குவார்கள். பாகம் போடுகிறவனுக்கு எந்தச் சீட்டு தனக்கு வரும் என்று தெரியாது. அதனால் நேர்மையாகவே பிரிப்பான். மினியாபொலிஸிலும் அதேதான் வேலை செய்தது. ஆள் வைத்துத் தேடிய அணி தன் தகவலைப் பொதுப் பட்டியலில் கொட்டியாகவேண்டும். ஒன்றும் தெரியாத பாஸ்டனும் டல்லாஸுக்குச் சமமான தரத்தில் ஆள் பெற்றது. எல்லா இடங்களிலும் ஆள் கிடைத்ததால் குவார்ட்டர்பேக் நான்கு, சென்டர் சுழியம் என்கிற கோணலும் வரவில்லை.

எட்டு நாள், பிறகு ஒரு மாதம்

பட்டியல் கையில் வந்தது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது.

நவம்பர் 28. டல்லாஸுக்கு ஒதுக்கப்பட்ட உள்ளூர் குவார்ட்டர்பேக்கை, அதே டல்லாஸில் என்எஃப்எல் அணி தொடங்கக் காத்திருந்த இன்னொரு எண்ணெய்ச் செல்வந்தர் ஒப்பந்தம் செய்துவிட்டார். அவருக்கு அப்போது அணியே இல்லை. என்எஃப்எல் அனுமதி அடுத்த ஜனவரியில்தான் வந்தது. அணி இல்லாதவர் எப்படி ஒப்பந்தம் போடுவது? தனிப்பட்ட ஊழியராக வேலைக்கு வைத்துக்கொள்வதாகப் போட்டார்கள். எந்த லீக்கின் டிராஃப்ட் விதியும் அந்தக் காகிதத்தைத் தொடாது. பிறகு நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து உரிமையை என்எஃப்எல்லின் புதிய டல்லாஸ் அணிக்குக் கைமாற்றியது. ஏஎஃப்எல்லைத் தொடங்கியவரின் சொந்த அணிக்கே முதல் இழப்பு.

நவம்பர் 30 அன்று மூன்று காரியங்கள் நடந்தன. ஏஎஃப்எல்லுக்கு ஆணையர் கிடைத்தார். போர் விமானி, தெற்கு டகோட்டாவின் முன்னாள் ஆளுநர். பிலடெல்பியாவில் என்எஃப்எல் 20 சுற்று டிராஃப்டை ஒரே மூச்சில் முடித்தது. முதல் பெயர் ஹூஸ்டனுக்கு ஒதுக்கியிருந்த அதே லூசியானா ஹாஃப்பேக், எடுத்தது என்எஃப்எல்லின் லாஸ் ஏஞ்சலஸ் அணியான ராம்ஸ். அன்றே ராம்ஸ் மேலாளர் அந்த வீரரைக் கூப்பிட்டு ரகசியமாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். மூன்று ஆண்டுக்குச் சம்பளமும் முன்பணமும் சேர்த்து 50,000 டாலர். பவுல் ஆட்டம் முடியும்வரை வெளியே சொல்வதில்லை என்று பேச்சு.

ஹூஸ்டன் உரிமையாளர் விடவில்லை. அவர் சொன்ன தொகை அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 1 லட்சம் டாலருக்கு மேல். வீரர் மனம் மாறினார். டிசம்பர் முடிவதற்குள் ராம்ஸுக்குக் கடிதம் எழுதி, வங்கியில் போடாமல் வைத்திருந்த காசோலைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

1960 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ், சுகர் பவுல். லூசியானாவுக்கும் மிசிசிப்பிக்கும் ஆட்டம். மிசிசிப்பி 21-0 என்று ஜெயித்தது. ஸ்கோரைவிட மைதானத்தில் நின்றவர்களின் சட்டைப்பையைப் பாருங்கள். லூசியானா ஹாஃப்பேக் ராம்ஸுக்கு ரகசியமாகக் கையெழுத்துப் போட்டு, பின்வாங்கி, ஹூஸ்டனோடு பேசி முடித்திருந்தவர். அவருடைய சக வீரர் ஒருவர் என்எஃப்எல்லின் டெட்ராய்ட்டுக்கும் பிறகு ஏஎஃப்எல்லின் டல்லாஸுக்கும் கையெழுத்துப் போட்டவர். எதிரணியில் மிசிசிப்பியின் ஃபுல்பேக், டிசம்பர் 1 அன்றே என்எஃப்எல்லின் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் ரகசிய ஒப்பந்தம் போட்டு, சில நாளில் வேண்டாம் என்று சொல்லி, டிசம்பர் 29 அன்று ஏஎஃப்எல்லின் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குக் கையெழுத்திட்டவர். கல்லூரிக் கால்பந்தின் பெரிய மேடைகளில் ஒன்றில் ஒரே நாளில் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு முதலாளிகள், வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஹூஸ்டன் ஆட்கள் மைதானத்திலேயே கோல் கம்பத்துக்கு அடியில் வைத்து, தொலைக்காட்சிக் கேமரா பார்க்க, லூசியானா வீரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒளித்து வாங்கிய கையெழுத்துக்கு வெளிச்சத்தில் வாங்கிய கையெழுத்து பதில்.

நீதிமன்றத்தில்

மூன்று விவகாரமும் வழக்காயின. மூன்றிலும் என்எஃப்எல் அணிகள் தோற்றன. காரணம்தான் வேறு வேறு.

ராம்ஸ் வழக்கில் 1960 ஜூனில் தீர்ப்பு. என்எஃப்எல் ஒப்பந்தப் படிவத்திலேயே ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மூன்று ஆண்டுக்கு மூன்று படிவம் எழுதி வாங்கியிருந்தாலும் முறைப்படியான ஒப்புதல் முழுமையாக நடக்கவில்லை. ஒப்புதல் வரும்வரை வீரர் தந்தது வெறும் சம்மதம்தான், அதைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். வணிக உலகின் நெளிவுசுளிவு தெரியாத நாட்டுப்புறப் பையன் என்றும் வீரரைப் பற்றி நீதிபதி எழுதினார். அந்த நாட்டுப்புறப் பையன் ஒரு மாதத்துக்குள் தன் விலையை இரண்டு மடங்காக ஏற்றியிருந்தார் என்பதை நீதிபதி கவனித்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ராம்ஸுக்காகக் கையெழுத்து வாங்கிய மேலாளர் அதற்குள் என்எஃப்எல்லின் ஆணையராகவே ஆகியிருந்தார்; ஜனவரி 26 அன்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

டெட்ராய்ட் வழக்கில் லூசியானா நீதிபதி இரண்டு தரப்பையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் நுழைவதற்கு முன்பே தொடங்கி வீரர்களைத் துரத்தும் இழிந்த சண்டையின் இன்னொரு சுற்று இது என்று எழுதிவிட்டு, டெட்ராய்ட் கேட்ட தடையை மறுத்தார்.

மூன்றாவது வழக்கு 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பின் சாரம் எளிது: நியாயம் கேட்டு வருபவரின் கை சுத்தமாக இருக்கவேண்டும். ஒப்பந்தத்தை மறைத்து வைத்து, தகுதியில்லாத வீரரைத் தகுதியுள்ளவர்போல பவுல் ஆட்டத்தில் ஆடவைக்க உடந்தையாக இருந்துவிட்டு, அதே ஒப்பந்தத்தைக் காப்பாற்றித் தாருங்கள் என்று ஜயண்ட்ஸ் கேட்க முடியாது. சார்ஜர்ஸும் டிசம்பர் 29 அன்று வாங்கிய காகிதத்துக்கு ஜனவரி 1 என்று தேதி போட்டவர்கள்தான். அவர்கள் கை சுத்தம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்குப் போட்டது அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டிக் கழித்தால்

வட்டார உரிமையில் ஒதுக்கிய எட்டுப் பேரில் ஐந்து பேர் என்எஃப்எல்லுக்குப் போனார்கள். வந்தது ஹூஸ்டன், பஃபலோ, பாஸ்டன் மூவருக்கும் ஒதுக்கியவர்கள். அதிலும் பஃபலோ, பாஸ்டன் வீரர்கள் இரண்டு பருவத்தோடு காணாமல் போனார்கள். ஆக, பெரிய பெயர் என்று பார்த்து எடுத்ததில் உருப்படியாகக் கிடைத்தது ஒருவர். அந்த ஒருவர் முதல் இறுதி ஆட்டத்தில் ஒரு பாஸைப் பிடித்து 88 கெஜ டச்டவுன் போட, ஹூஸ்டன் 24-16 என்று சார்ஜர்ஸை வென்று கோப்பை வாங்கியது. 1961இலும் வாங்கியது.

குலுக்கலில் வந்தவர்கள் கதை வேறு. என்எஃப்எல் தன் முதல் சுற்றில் எடுத்த 12 பேரில், மேலே சொன்ன ஹூஸ்டன், பஃபலோ வீரர்கள் இருவரையும் சேர்த்து, ஆறு பேரை ஏஎஃப்எல் அணிகள் தட்டிக்கொண்டு வந்தன. பிறந்து ஐந்து மாதமான லீக்குக்கு இது சாதாரணம் இல்லை. குலுக்கலில் விழுந்த இடத்திலேயே ஆள் தங்கவும் இல்லை: பால்டிமோர் முதல் சுற்றில் எடுத்த தெற்குக் கலிபோர்னியா டேக்கிள், ஏஎஃப்எல் பட்டியலில் பாஸ்டனுக்கு விழுந்திருந்தார். அவர் மேற்குக் கரைக்காரர் என்பதால் உரிமையை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் புகழ் மண்டபத்துக்குப் போனவர் அவர். யாருக்கு ஒதுக்கினோம் என்பதைவிட யாரால் கையெழுத்து வாங்க முடியும் என்று பார்த்து நடந்துகொண்ட நல்ல உதாரணம் இது.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் டிராஃப்ட் முழுத் தோல்வி. 1960இல் எட்டு அணிகளையும் முக்கியமாக நடத்திய குவார்ட்டர்பேக்குகளில் இந்த டிராஃப்டில் வந்தவர் என்று ஒருவரும் இல்லை. என்எஃப்எல் வேண்டாம் என்று விட்டவர்கள், கனடாவில் ஆடியவர்கள், ஓய்வுபெற்றவர்கள். டென்வரில் பயிற்சிக்கு உதவ வந்தவரையே சீருடை போடச் சொல்லிவிட்டார்கள்.

மினியாபொலிஸ் ஜனவரியில் முறைப்படி வெளியேறியது. ஜனவரி 30 அன்று அந்த இடம் ஓக்லண்டுக்குத் தரப்பட்டது. மேற்குக் கரையில் இன்னொரு அணி வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் உரிமையாளர் பிடிவாதமாக நின்றதும் ஒரு காரணம். ஓக்லண்டுக்குக் கிடைத்தது மினியாபொலிஸின் பட்டியல், அதாவது இரண்டு மாதம் யாரும் கவனிக்காமல் விட்ட பட்டியல். பெயர் சொல்லும்படியான பலர் அதற்குள் வேறு இடங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்ற அணிகளிடமிருந்து சிலரை எடுத்துக்கொள்ள லீக் ஏற்பாடு செய்தது. யாரும் தங்கள் நல்ல ஆளைத் தாமாக அனுப்பமாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே. முதல் ஆண்டு 6 வெற்றி 8 தோல்வி. அடுத்து 2-12. அதற்கடுத்து 1-13.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குலுக்கலில் தெரிந்த சமபங்கு மனப்பான்மை அடுத்த ஜூனிலும் தெரிந்தது. ஏபிசி தொலைக்காட்சியுடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது நியூயார்க்குக்கு அதிகம், பஃபலோவுக்குக் குறைவு என்று பிரிக்காமல் எட்டுப் பங்காகவே பிரித்தார்கள். லீக்கை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பணம்தான். 1966 ஜூனில் இரண்டு லீக்குகளும் இணைய ஒப்புக்கொண்டன. 1967இல் பொதுவான ஒரே டிராஃப்ட் வந்தது. இரட்டைக் கையெழுத்துகளுக்கு அதோடுதான் முடிவு.

மாற்றவேண்டியது என்ன

குலுக்கலை நான் மாற்றமாட்டேன். தகவல் சமமாக இல்லாத இடத்தில் சமமாகப் பிரிக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வட்டார உரிமையை மாற்றுவேன். புகழை வைத்து ஒதுக்கியதற்குப் பதில், அந்த வீரரோடு இப்போதே பேச்சில் இருக்கும் அணி எது என்று பார்த்து ஒதுக்கியிருக்கலாம். டல்லாஸ் வீரர் டல்லாஸை விட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஊரில் இன்னொரு முதலாளி வந்ததும் சொந்த மண் என்கிற பலம் இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது. எதிராளி கடை போடப்போகும் ஊரில் வட்டார உரிமை என்று ஒன்று கிடையாது.

ஆணையரை முதலில் வைத்துக்கொண்டு டிராஃப்டைப் பிறகு வைத்திருக்கவேண்டும். எட்டு நாள்தான் வித்தியாசம், ஆனால் மினியாபொலிஸ்காரர்களிடம் நேருக்கு நேர், இருக்கிறீர்களா போகிறீர்களா என்று கேட்க அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

கடைசியாக அந்த மினியாபொலிஸ் பட்டியல். பத்திரிகைச் செய்தி வந்த இரவே ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம்: இன்னின்ன தேதிக்குள் பிணையத்தொகை கட்டி உறுதிசெய்யாவிட்டால் உங்களுக்கு விழுந்த பெயர்கள் பொதுக் குவியலுக்குத் திரும்பும், மற்ற ஏழு அணிகளும் திரும்பக் குலுக்கிக்கொள்ளும். அப்படிச் செய்திருந்தால் டிசம்பர் முழுவதும் அந்த வீரர்களைத் தேடிப் போக ஆள் இருந்திருக்கும்.

இதற்கு எதிராக ஒருவர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அந்தக் கவனிப்பாரற்ற பட்டியலில் மயாமி பல்கலைக்கழகத்தின் சென்டர் ஒருவர் இருந்தார். எடை போதாது என்று என்எஃப்எல்லில் ஒருவரும் அவரை எடுக்கவில்லை. பட்டியலோடு ஓக்லண்டுக்குப் போனவர், இரண்டாம் ஆண்டிலிருந்து முதுகில் இரட்டைச் சுழியம் போட்டுக்கொண்டு 1974 வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் 210 ஆட்டம் ஆடினார். பட்டியலைக் கலைத்துக் குலுக்கியிருந்தால் அவர் எந்த ஊருக்குப் போயிருப்பாரோ. ஆனால் ஓக்லண்ட் அவரைத் தேடி எடுக்கவில்லை. மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனதில் மிஞ்சிய பெயர் அது.